தன்னைக் காட்டிக்கொடுக்கும் மருந்து: கெட்டமைன் சோதனைகளும் அவற்றின் சிக்கல்களும்

கெட்டமைன் அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்து. சிரையில் ஏற்றிய ஒரு நிமிடத்துக்குள் நோயாளிக்கு வலி தெரியாமல் போகிறது. ஆனாலும் அவர் உறங்குவதில்லை. கண் திறந்தபடி, விழி மெல்ல அலைந்தபடி, சுற்றி நடப்பதோடு தொடர்பற்றுக் கிடப்பார். மூச்சு தன்பாட்டுக்கு நடக்கும். இரத்த அழுத்தம் இறங்காது, சற்று ஏறவே செய்யும். மயக்க மருந்து கொடுக்கும் இயந்திரமோ ஆக்சிஜன் குழாய் இணைப்போ இல்லாத இடத்திலும் ஓரளவு பாதுகாப்பாகக் கொடுக்கலாம் என்பதால் சிறிய மருத்துவமனைகள் இதை விட்டதே இல்லை. குழந்தையின் முறிந்த கையை நேர்ப்படுத்த, தீக்காயக் கட்டை மாற்ற, விபத்தில் இரத்தம் இழந்து வந்தவரை அறுவைக்குத் தயார்செய்ய என்று அதன் வேலைகள் பல. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் 1985 முதல் இருக்கிறது. ஊருக்குள் புகுந்த சிறுத்தையை ‘மயக்க ஊசி’ போட்டுப் பிடித்ததாக வரும் செய்திகளிலும் பெரும்பாலும் சைலசின் என்ற மருந்தோடு கலந்த இதே கெட்டமைன்தான் இருக்கும்.

இந்தப் பழைய மருந்து கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக மனநல மருத்துவத்தின் மிகப் புதிய மருந்தாகப் பேசப்படுகிறது. மருந்துக்கு வசப்படாத மனச்சோர்வு சில மணி நேரத்தில் தணிகிறது என்பதே அந்தப் பேச்சின் சாரம். அதை மெய்ப்பிக்கச் செய்த சோதனைகள் ஏராளம். அவற்றின் முடிவுகள் ஒன்றுக்கொன்று இசையவில்லை. இசையாமைக்கான காரணம் பெரும்பாலும் மருந்தில் இல்லை. எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதில் இருக்கிறது.

கெட்டமைனுக்கு மூத்தது ஃபென்சைக்ளிடின். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இயங்கிய பார்க்–டேவிஸ் நிறுவனம் 1956-இல் அதை உருவாக்கியது. நல்ல வலிநீக்கி, ஆனால் மயக்கம் தெளியும்போது நோயாளிகள் மணிக்கணக்கில் பிதற்றினார்கள், முரண்டினார்கள். அதே குடும்பத்தில் விரைவில் உடலை விட்டு நீங்கும் ஒன்றைத் தேடியபோது 1962-இல் கால்வின் ஸ்டீவன்ஸ் தயாரித்த சேர்மம் சிக்கியது. நிறுவனம் அதற்கு இட்ட எண் சி.ஐ.–581. 1964 ஆகஸ்ட் 3 அன்று அது முதன்முதலாக ஒரு மனிதருக்கு ஏற்றப்பட்டது. சோதனையை நடத்தியவர்கள் மருந்தியலாளர் எட்வர்ட் டொமினோவும் மயக்கவியல் மருத்துவர் குந்தர் கோர்சனும். சோதனைக்கு உட்பட்டவர்கள் மிச்சிகன் மாநில ஜாக்சன் சிறைச்சாலையின் கைதிகள் இருபது பேர். முடிவுகள் அடுத்த ஆண்டு வெளியாயின. வெளியுலகோடு துண்டித்துக்கொண்டவர்போல் நோயாளி கிடக்கும் அந்த நிலைக்குப் பெயர் தேடியபோது ‘துண்டிப்பு மயக்கம்’ என்ற பொருள்படும் சொல்லைத் தந்தவர் டொமினோவின் மனைவி. 1970-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. வியட்நாம் போர்க்களத்தில் அது தாராளமாகப் பயன்பட்டது.

கைதிகளிடம் முதல் சோதனை நடந்தது அக்காலத்தில் விதிவிலக்கல்ல. அமெரிக்காவில் மருந்துகளின் முதற்கட்டச் சோதனைகள் பல சிறைகளில்தான் நடந்தன. ஒப்புதல் வாங்கினார்கள் என்றாலும், சிறையில் இருப்பவர் சொல்லும் ‘சரி’யின் மதிப்பு என்ன என்ற கேள்வி பிறகே வலுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கைதிகளைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் பிரிவினராக வைத்திருக்கின்றன. கடும் மனநோயால் அவதிப்படுபவரும் அதே பட்டியலில் இருக்கிறார். கெட்டமைனின் இரண்டாம் வாழ்வு முழுக்க இந்த இரண்டாம் வகையினரிடம்தான் நடக்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது அது விற்பனைக்கு வந்த பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற பொருள் வந்து பொருந்தும் வாயில்களில் ஒன்று என்.எம்.டி.ஏ. ஏற்பி. அதைக் கெட்டமைன் அடைக்கிறது என்று 1983-இல் பிரிட்டனில் டேவிட் லாட்ஜின் குழு காட்டியது. 1990-களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் கிரிஸ்டலும் சகாக்களும் ஆரோக்கியமானவர்களுக்குக் குறைந்த அளவு கெட்டமைன் கொடுத்து, மனச்சிதைவு நோயின் அறிகுறிகளைப் போன்றவை சிறிது நேரம் தோன்றுவதைப் பதிவு செய்தார்கள். அதாவது அப்போது கெட்டமைன் மனநோயை ஆராயும் கருவி. மனநோய்க்கான மருந்தாகப் பெரும்பாலோர் அதைக் கருதவில்லை.

அதே குழு 2000-இல் வெளியிட்ட சிறு கட்டுரை திசையைத் திருப்பியது. மனச்சோர்வுள்ள ஏழு பேருக்கு ஒரு நாள் கெட்டமைனும் வேறொரு நாள் உப்புக் கரைசலும் ஏற்றினார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், நாற்பது நிமிடத்தில் மெல்ல ஏறும்படி. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 30 மில்லிகிராம். மயக்கம் கொடுக்க அதைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு ஒரே மூச்சில் தேவைப்படும். மூன்று நாட்களில் கெட்டமைன் பெற்றவர்களின் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. 2006-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் கார்லோஸ் ஜராத்தே இதை மறுபடி செய்தார். பல மருந்துகளுக்கும் மசியாத பதினேழு பேரில் 71 விழுக்காட்டினருக்கு ஒரே நாளில் நோய் பாதியாகக் குறைந்தது. ஒரு வாரம் வரை அந்தப் பலன் நீடித்தது 35 விழுக்காட்டினருக்கு. வழக்கமான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும் ஒரு துறையில் இது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. பலன் விரைவாக மங்குவதும் அதே எண்களில் தெரிகிறது. அது மட்டும் அன்று பரபரப்பாகவில்லை.

கிலோவுக்கு அரை மில்லிகிராம், நாற்பது நிமிடம் என்ற அளவு அன்றிலிருந்து ஏறக்குறைய சடங்காகிவிட்டது. ஏழு பேரிடம் பார்த்த அளவை உலகமே பின்பற்றுவது விந்தைதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனமருந்தியல் பேராசிரியர் சித்தரஞ்சன் ஆண்ட்ரேட் 2017-இல் எழுதிய கட்டுரைத் தொடர் ஏற்றும் வழி, அளவு, வேகம், இடைவெளி ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சான்றுகளை எடைபோட்டது. இத்துறையில் நடைமுறை மருத்துவர்களுக்கு இந்தியாவிலிருந்து கிடைத்த பயனுள்ள எழுத்துகளில் அது ஒன்று.

மருந்துச் சோதனையின் முதுகெலும்பு இரண்டு. யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முடிவு செய்ய வேண்டும். யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியக் கூடாது. இரண்டாவதை மறைப்பு என்கிறார்கள். இரத்த அழுத்த மாத்திரையில் மறைப்பது எளிது, வெற்று மாத்திரையும் அதேபோல் இருக்கும். கெட்டமைனில் அது ஏறக்குறைய இயலாத காரியம். ஊசி ஏறத் தொடங்கிய பத்து நிமிடத்தில் கை கால் தன்னுடையதில்லை போலத் தோன்றும், காலம் நீளும், ஒலிகள் மாறும். உப்புத் தண்ணீர் ஏறியவருக்கு ஒன்றும் ஆகாது. தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளிக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. அருகில் இருக்கும் செவிலியருக்கும் தெரிகிறது. மனச்சோர்வைக் குருதிப் பரிசோதனையால் அளக்க முடியாது. நோயாளி சொல்வதைக் கேட்டே மதிப்பெண் போடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் எதுவும் பலிக்காதவர், புது மருந்து கிடைத்தது என்று அறிந்தவுடன் தேறுவதும், கிடைக்கவில்லை என்று அறிந்தவுடன் துவள்வதும் இயல்பு. இரண்டும் சேர்ந்து இரு பிரிவுகளுக்கும் உள்ள இடைவெளியை அகலமாக்கிவிடும்.

இதற்கு ஒரு வழியாக, உப்புக் கரைசலுக்குப் பதில் மிடசோலம் என்ற தூக்க மருந்தை வைத்தார்கள். அதுவும் ஏதோ ஒரு கிறக்கத்தைத் தரும். ஜேம்ஸ் மர்ரோ 2013-இல் வெளியிட்ட அத்தகைய சோதனையில் ஒரு நாளுக்குப் பின் கெட்டமைன் பிரிவில் 64 விழுக்காட்டினரும் மிடசோலம் பிரிவில் 28 விழுக்காட்டினரும் தேறினார்கள். வேறுபாடு இன்னும் பெரியதுதான். ஆனால் ஒரு முறை கெட்டமைனின் அனுபவத்தைக் கேள்விப்பட்டவரை மிடசோலத்தால் ஏமாற்றுவது கடினம்.

முழுமையாக மறைக்க ஒரே வழி நோயாளியை ஏற்கெனவே மயக்கத்தில் ஆழ்த்திவிடுவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அதையே செய்தார்கள். வேறு காரணத்துக்காக அறுவை சிகிச்சைக்கு வந்த, மனச்சோர்வும் உள்ள நாற்பது பேருக்கு, பொது மயக்கத்தில் இருக்கும்போது கெட்டமைனோ உப்புக் கரைசலோ ஏற்றினார்கள். 2023-இல் வந்த முடிவு: இரு பிரிவினரும் மறுநாளே நன்றாகத் தேறினார்கள், இருவருக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தனக்குக் கெட்டமைன் கிடைத்தது என்று நம்பியவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள்.

இதற்கு ஒத்த சான்று முன்பே கிடைத்திருந்தது. அதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. போட்காஸ்ட் என்று பெயரிட்ட அந்தச் சோதனை அமெரிக்கா, கனடா, தென்கொரியா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தது. பெரிய அறுவைக்கு வந்த, அறுபது வயது கடந்த 672 பேருக்கு, மயக்கத்தின்போது கெட்டமைன் சிறிய அளவிலோ சற்றுக் கூடிய அளவிலோ, அல்லது உப்புக் கரைசலோ ஏற்றப்பட்டது. அறுவைக்குப் பின் முதியவர்களுக்கு வரும் குழப்ப நிலையைக் கெட்டமைன் தடுக்குமா என்பதே கேள்வி. 2017-இல் லான்செட் இதழில் விடை வந்தது: குழப்பம் கெட்டமைன் பெற்றவர்களில் 19.45 விழுக்காடு, பெறாதவர்களில் 19.82 விழுக்காடு. வலியும் குறையவில்லை, மாயத் தோற்றங்களும் கெட்ட கனவுகளும் மட்டும் கூடின. அதே நோயாளிகளின் மனச்சோர்வு மதிப்பெண்களைத் தனியே ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டபோது அங்கும் பலன் தென்படவில்லை.

இவற்றிலிருந்து கெட்டமைன் வெறும் நம்பிக்கையின் விளைவு என்று முடிவு கட்டுவது அவசரம். மயக்கத்துக்கான பிற மருந்துகள் கெட்டமைனின் வேலையைத் தடுத்திருக்கலாம், அல்லது அவையே சற்று மனச்சோர்வைக் குறைத்திருக்கலாம். விழிப்பில் நேரும் அந்தத் துண்டிப்பு அனுபவமே சிகிச்சையின் ஒரு பகுதி என்று வாதிடுவோரும் உண்டு. எலிகளில் கெட்டமைன் நரம்பிணைப்புகளை விரைவில் வளர்க்கிறது என்று யேலில் ரொனால்ட் டூமன் குழு 2010-இல் காட்டியது. எலிக்கு நம்பிக்கை வைக்கத் தெரியாது. ஆனால் மனிதரில் பார்த்த பலனில் எவ்வளவு மருந்தினுடையது, எவ்வளவு எதிர்பார்ப்பினுடையது என்று பிரித்துச் சொல்லும் சோதனை இன்றும் இல்லை.

மின்னதிர்ச்சி சிகிச்சையோடு நடந்த ஒப்பீடுகளில் இதே குறை வேறு வடிவில் வருகிறது. ‘ஷாக் வைப்பது’ என்று மக்கள் அஞ்சும் அந்தச் சிகிச்சை, மசியாத மனச்சோர்வுக்கு இன்றும் வலுவான சிகிச்சை. மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்வதை இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தடைசெய்கிறது. அந்த மயக்கத்துக்கே கெட்டமைனைப் பயன்படுத்திப் பார்த்த சோதனைகளும் உண்டு. நேருக்கு நேர் ஒப்பீடுகளில் பெரியது அமெரிக்காவில் ஐந்து மையங்களில் நடந்து 2023-இல் வெளியானது. மூன்று வாரத்தில் கெட்டமைன் பிரிவில் 55.4 விழுக்காட்டினரும் மின்னதிர்ச்சிப் பிரிவில் 41.2 விழுக்காட்டினரும் தேறினார்கள். நினைவுக் குறைபாடு மின்னதிர்ச்சியில் அதிகம். செய்தித்தாள்கள் கெட்டமைனின் வெற்றி என்று எழுதின. கட்டுரையின் உள்ளே இன்னொரு கணக்கு இருக்கிறது: குலுக்கலில் மின்னதிர்ச்சி விழுந்த 203 பேரில் 33 பேர் சிகிச்சை தொடங்கும் முன்பே விலகிவிட்டார்கள், கெட்டமைன் விழுந்த 200 பேரில் விலகியவர்கள் ஐந்தே பேர். எதை விரும்பி வந்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. பலனை அளந்ததும் நோயாளி தானே நிரப்பும் வினாத்தாள்.

ஸ்வீடனில் மருத்துவமனையில் தங்கியிருந்த 186 பேரிடம் நடந்த சோதனையில் முடிவு தலைகீழ். முழுதும் தேறியவர்கள் மின்னதிர்ச்சியில் 63 விழுக்காடு, கெட்டமைனில் 46 விழுக்காடு. அமெரிக்கச் சோதனையில் மனப்பிறழ்வு அறிகுறி உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்துபோனவர்கள். ஸ்வீடனில் நோய் கடுமையானவர்கள் இருந்தார்கள். கடுமையான நோய்க்கு மின்னதிர்ச்சி கூடுதலாகப் பலிக்கும் என்பது நெடுங்கால அனுபவம். ஆகவே இரண்டு முடிவுகளும் ஒருசேர உண்மையாக இருக்க இடமுண்டு. நிம்ஹான்ஸ் குழு ஒன்று 2020-இல் இதே ஒப்பீட்டைச் சிறு முன்னோட்டமாகச் செய்து வெளியிட்டிருக்கிறது. இந்திய நோயாளிகளிடம் பெரிய அளவில் செய்வதற்கு அது ஒரு தொடக்கம்.

தற்கொலை எண்ணத்தோடு வருபவரிடம் விரைவான மருந்தின் தேவை மிகக் கூர்மையானது. பிரான்சில் ஏழு மருத்துவமனைகளில் நடந்து 2022-இல் வெளியான சோதனையில், அத்தகைய 156 பேருக்கு ஒரு நாள் இடைவெளியில் இருமுறை கெட்டமைனோ உப்புக் கரைசலோ ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அந்த எண்ணம் முற்றிலும் நீங்கியவர்கள் கெட்டமைனில் 63 விழுக்காடு, உப்புக் கரைசலில் 31.6 விழுக்காடு. ஆறு வாரத்தில் இரு பிரிவுக்கும் உள்ள வேறுபாடு உறுதியாகச் சொல்லும்படி இல்லை. முதல் சில நாட்களைக் கடத்திவிடுவதே பெரும் பயன் என்று இதைப் படிக்கலாம், ஏனென்றால் தற்கொலை நெருக்கடி பெரும்பாலும் குறுகிய கால அலை. அதே கருத்தை வைத்து வேறு வழியில் நடந்த ஒரு சோதனை கடலூர் மாவட்டத்துக்கே உரியது. சிதம்பரத்துக்குத் தென்மேற்கே காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், சென்னையின் ஸ்நேகா அமைப்பைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் சகாக்களும் பூச்சிக்கொல்லிகளை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டு அறைகளில் வைக்கும் ஏற்பாட்டை இரண்டு கிராமங்களில் செய்து, அது இல்லாத இரண்டு கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வு, உழவர்கள் இந்த ஏற்பாட்டை ஏற்கிறார்கள் என்றும் கிடங்கு உள்ள ஊர்களில் பூச்சிக்கொல்லியால் நேரும் தற்கொலைகள் குறைந்தன என்றும் கூறியது. அங்கும் மறைப்புக்கு வழியில்லை. ஊர் நடுவே கட்டடம் எழுந்தால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே எண்ணப்பட்டவை உயிரிழப்புகள். கெட்டமைன் சோதனைகள் எண்ணுவது எண்ணங்களை. மருந்து உயிரிழப்பைக் குறைக்கிறது என்று காட்டும் அளவுக்குப் பெரிய, நீண்ட சோதனை கெட்டமைனுக்கு இன்னும் நடக்கவில்லை.

வலி மருத்துவத்தில் ஒரு சோதனை தனியே சொல்லத் தக்கது. புற்றுநோயின் தீராத வலிக்குத் தோலடியில் கெட்டமைன் செலுத்துவது ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கணக்கில் வழக்கமாக இருந்தது. ஜேனட் ஹார்டியின் குழு 185 பேரிடம் அதை வெற்றுக் கரைசலோடு ஒப்பிட்டபோது (2012) பலன் கெட்டமைனில் 31 விழுக்காடு, வெற்றுக் கரைசலில் 27 விழுக்காடு. பக்க விளைவுகள் கெட்டமைனில் மிகுதி. அனுபவத்தால் உறுதி என்று எண்ணிய பழக்கம் குலுக்கலில் நிற்கவில்லை.

சோதனைக்குப் பணம் யார் தருகிறார்கள் என்பதும் விடையை வடிவமைக்கிறது. கெட்டமைன் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு மூலக்கூறுகளின் கலவை. அதன் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், அதனால் எந்த நிறுவனத்துக்கும் சோதனைக்குச் செலவழிக்க ஆர்வமில்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமம் இரண்டில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து எஸ்கெட்டமைன் என்ற மூக்குத் தெளிப்பு மருந்தாக்கியது. அதன் மூன்று குறுகிய காலச் சோதனைகளில் ஒன்றுதான் தெளிவாக வென்றது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புகிறதா என்று பார்த்த இன்னொரு சோதனையையும் கணக்கில் கொண்டு அமெரிக்கா 2019 மார்ச் 5 அன்று அனுமதித்தது. மருத்துவமனையில் வைத்தே செலுத்தி இரண்டு மணி நேரம் கண்காணிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் செலவை மதிப்பிடும் நைஸ் அமைப்பு அதைப் பரிந்துரைக்க மறுத்தது. மறு பாதியான ஆர்கெட்டமைனில் நம்பிக்கை வைத்தவர்களுக்கு 2023-இல் இரண்டாம் கட்டச் சோதனை ஏமாற்றம் தந்தது. பொதுப் பணத்தில் மலிவான பழைய கலவையையே சோதித்த நல்ல எடுத்துக்காட்டு ஆஸ்திரேலிய–நியூசிலாந்துச் சோதனை. நிலையான சிறிய அளவில் பலனில்லை என்று கண்டு, நோயாளிக்கேற்ப அளவைக் கூட்டியபோது நான்கு வாரத்தில் முழுதும் தேறியவர்கள் 19.6 விழுக்காடு, மிடசோலம் பிரிவில் 2 விழுக்காடு. அளவுகோல் ஒன்றல்ல என்றாலும், இது 2006-இல் கண்ட 71 விழுக்காட்டைவிட மிகச் சிறிய எண். நம்பத் தகுந்ததும் இதுவே.

தீங்குகளைச் சோதனைகள் குறைவாகவே பிடித்தன, பெரும்பாலானவை சில வாரங்களில் முடிந்துவிட்டதால். போதைக்காக நீண்டகாலம் பயன்படுத்துவோருக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்குவது 2007 முதல் பதிவாகியிருக்கிறது. கனடாவும் ஹாங்காங்கும் முதலில் எச்சரித்த இடங்கள். நடிகர் மேத்யூ பெர்ரியின் 2023 மரணம் கண்காணிப்பற்ற பயன்பாட்டின் விளைவு. இந்தியாவில் தயாரான கெட்டமைன் கிழக்காசியாவுக்குக் கடத்தப்பட்டது. சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகள் அடிக்கடி வந்தன. 2011-இல் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் 2013-இல் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் சேர்ந்தது. எக்ஸ் அட்டவணை என்றால் பூட்டிய அலமாரி, தனிப் பதிவேடு, மருந்துச் சீட்டு இரண்டு படிகள், ஒரு படியை இரண்டு ஆண்டு காக்க வேண்டும். சீனா உலக அளவில் இதைவிடக் கடுமையான கட்டுப்பாடு கோரியபோது, ஏழை நாடுகளில் அறுவையே நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் எதிர்த்தது. 2015-இல் அந்தக் கோரிக்கை தள்ளிவைக்கப்பட்டது.

இந்தியாவில் சோதனை நடத்தும் முறை இப்போது தெளிவாக இருக்கிறது. சி.டி.ஆர்.ஐ. எனப்படும் தேசியச் சோதனைப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனைகள் விதிகள், 2019, ஏற்கெனவே விற்பனையில் உள்ள மருந்தை வேறு நோய்க்கோ வேறு அளவிலோ கல்வி நோக்கில் சோதிக்க, விற்பனை உரிமை கோராதவரை, மைய அரசின் தனி அனுமதி தேவையில்லை என்கின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் போதும். அதன்படி சிதம்பரம் அண்ணாமலை நகரின் மருத்துவக் கல்லூரியோ புதுச்சேரி ஜிப்மரோ மருந்து நிறுவனத்தை எதிர்பார்க்காமல் இதைத் தொடங்க முடியும். கெட்டமைன் குப்பி அறுவை அறையின் பூட்டிய அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது. தேவைப்படுவது வேறு. மனநலப் பிரிவும் மயக்கவியல் பிரிவும் சேர்ந்து அமர்த்திய பணியாளர்கள் வேண்டும். எந்த ஊசி ஏறியது என்று அறியாமல் வேறொரு நாளில் மதிப்பெண் போடும் மதிப்பீட்டாளர் ஒருவர் வேண்டும். தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளி கருதுகிறார் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுப் பதிய வேண்டும், உலகச் சோதனைகளில் பாதிக்கு மேல் தவறவிட்ட கேள்வி அது. படுக்கையருகே உள்ள உறவினர் அழுத்தமின்றி, நோயாளியே படித்தோ கேட்டோ புரிந்து தரும் தமிழ் ஒப்புதல் படிவம் வேண்டும். முடிவை மூன்றாம் நாளில் நிறுத்தாமல் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்களையும் இறந்தவர்களையும் எண்ண வேண்டும். கிராமத்துக்குத் திரும்பிய நோயாளியைத் தேடிச் செல்லும் களப்பணியாளரின் சம்பளமே அந்தச் செலவுக் கணக்கில் மிகப் பெரிய இனமாக இருக்கும்.